பி.எஸ்சி.யா, ஜி.என்.எம்.மா? முதலில் ஆஸ்பத்திரியைப் போய்ப் பாருங்கள்

கேள்வி:

"மேடம், நான் சங்கரன்கோவில் பக்கத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். தமிழ் மீடியம், பயாலஜி குரூப். அரையாண்டில் 600-க்கு 438 எடுத்திருக்கிறேன். நர்ஸ் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. அப்பாவுக்கு விசைத்தறியில் வேலை. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் காலேஜ் போனதில்லை. பி.எஸ்சி. நர்சிங் படித்தால்தான் மதிப்பு என்கிறார் பயாலஜி டீச்சர். எங்கள் தெருவில் நர்ஸாக இருக்கும் அக்கா, ஜி.என்.எம். போதும், வேலை ஒன்றுதான் என்கிறார். ஒரு புரோக்கர் வீட்டுக்கே வந்து, வெளியூர் பிரைவேட் காலேஜில் பி.எஸ்சி. சீட் இருக்கிறது, இப்போதே 25,000 அட்வான்ஸ் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஒரே வருஷத்தில் நர்ஸ் ஆகலாம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு ராத்திரி டூட்டி என்றாலே பயம். எனக்கு இங்கிலீஷும் சுமார்தான். நான் எதில் சேர்வது?"

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவி, தென்காசி மாவட்டம்)

பதில்:

அன்பு மகளுக்கு,

முதலில் அந்த 25,000 ரூபாய். அப்பாவிடம் இன்றைக்கே சொல், கட்ட வேண்டாம். பரீட்சையே முடியவில்லை, ரிசல்ட் வரவில்லை, கலந்தாய்வு அறிவிப்பும் வரவில்லை. இந்த நேரத்தில் சீட்டுக்கு அட்வான்ஸ் கேட்கிறவர், நீ நல்ல இடத்துக்குப் போய்விடுவதற்குள் பிடித்துப்போட வந்தவர். உன்னைச் சேர்த்துவிட்டால் அவருக்குக் கமிஷன். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க முடியாமல், பிடிக்காத கல்லூரிக்கே போய்ச் சேர்ந்த பிள்ளைகள் என் நர்சிங் வகுப்பறைகளில் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்தது பஸ் ஸ்டாண்ட் இன்ஸ்டிட்யூட். ஒரு வருஷத்தில் யாரும் நர்ஸ் ஆக முடியாது. நம் மாநிலத்தில் நர்ஸ் என்றால் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்தவர். 1926-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் நடக்கிற பதிவு அது. ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. முடித்தவர்களுக்குத்தான் பதிவுபெற்ற நர்ஸ் என்ற எண் கிடைக்கும். அந்த எண் இல்லாமல் அரசுத் தேர்வு எழுத முடியாது, வெளிநாடு போக முடியாது, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையிலும் சேர முடியாது. நர்சிங் அசிஸ்டென்ட், ஹெல்த் அசிஸ்டென்ட் என்று ஓராண்டுப் பயிற்சிகள் இருக்கின்றன. உதவியாளர் வேலைக்குத்தான் பயிற்சி என்று சொல்லி நடத்தினால் அதில் தப்பில்லை, அதுவும் கௌரவமான வேலைதான். ஆனால் வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் போட்டு போட்டோ எடுத்து, "நர்ஸ் ஆகலாம்" என்று போர்டு வைத்து ஏழைப் பிள்ளைகளிடம் பணம் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பிள்ளைகள் சின்ன கிளினிக்குகளில் சொற்பச் சம்பளத்துக்கு ஊசி போட்டுக்கொண்டு, பத்து வருஷம் ஆனாலும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஏதாவது தவறு நடந்தால் முதலில் மாட்டுவதும் அவர்கள்தான். அந்தப் பக்கமே போகாதே.

இனி நிஜமான கேள்விக்கு வருகிறேன்.

ஜி.என்.எம். என்பது நர்சிங்கும் பிரசவப் பராமரிப்பும் சேர்ந்த மூன்று வருஷ டிப்ளமோ. நம் மாநிலத்தில் டி.ஜி.என்.எம். என்றும் சொல்வார்கள். பிளஸ் டூ தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம், சயின்ஸ் குரூப் என்றால் நல்லது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷம், எட்டு செமஸ்டர். இதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் கட்டாயம். இந்தக் குரூப்பில் படிப்பதால் உனக்கு இரண்டு கதவும் திறந்துதான் இருக்கிறது. சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். ஏ.என்.எம். என்று இரண்டு வருஷப் படிப்பு ஒன்றும் உண்டு. கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு அது வழி. தடுப்பூசியும் கர்ப்பிணிப் பெண்களின் கவனிப்பும்தான் உனக்குப் பிடிக்கும் என்றால் அதை யோசிக்கலாம். ஆனால் உன் மதிப்பெண்ணுக்கு அதில் தொடங்க வேண்டியதில்லை.

உன் தெரு அக்கா சொன்னது பாதி உண்மை. வார்டில் இரண்டு பேரும் ஸ்டாஃப் நர்ஸ்தான். ஒரே மருந்து டிரே, ஒரே சார்ட், ஒரே ஷிஃப்ட். நோயாளிக்கு நீ பி.எஸ்சி.யா, ஜி.என்.எம்.மா என்று தெரியாது, தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. தமிழக அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கிற எம்.ஆர்.பி. தேர்வை இரண்டு பேரும் எழுதலாம். ரயில்வே ஆஸ்பத்திரி வேலைக்கும் இரண்டு பேரும் விண்ணப்பிக்கலாம்.

டீச்சர் சொன்ன பாதி, வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் கழித்துத்தான் தெரியவரும். எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு நர்சிங் ஆபீசர் எடுக்கிற நார்செட் தேர்வை எடுத்துக்கொள். பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவர் உடனே எழுதலாம். ஜி.என்.எம். என்றால், குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும். அந்த வேலையின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். படிகள் தனி. பிறகு எம்.எஸ்சி., ஆசிரியர் வேலை, கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பட்டம் கேட்பார்கள். சவூதியில் பட்டம் இருந்தால் ஒரு நிலை, டிப்ளமோ என்றால் டெக்னீஷியன் நிலை. சம்பளமும் அதற்குத் தகுந்தபடிதான்.

ஆனால் ஜி.என்.எம். முடித்தவர் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று எதுவும் இல்லை. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்று இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. அதை முடித்தால் எம்.எஸ்சி. கதவு திறக்கும். நான் வந்ததே அந்த வழியாகத்தான். மூன்றும் இரண்டும் ஐந்து, நேரே போனால் நான்கு. காகிதத்தில் பார்த்தால் ஒரு வருஷம்தான் வித்தியாசம். நடைமுறையில் வேலை, கல்யாணம், குழந்தை என்று வந்தபின் மறுபடி வகுப்பறைக்குப் போவது ரொம்பக் கஷ்டம். போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருபது வருஷம் ஓட்டிவிட்ட என் தோழிகள் உண்டு. ஆகவே முடிகிற வயதில் நேரே பி.எஸ்சி. படிப்பதுதான் நல்லது. இது வரைக்கும் நான் டீச்சர் கட்சி.

ஆனால் "எந்த பி.எஸ்சி.யாக இருந்தாலும் ஜி.என்.எம்.மைவிட மேல்" என்று நினைத்துவிடாதே. அந்த இடத்தில் நான் டீச்சரோடு உடன்பட மாட்டேன்.

ஒன்று சொல்கிறேன். அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு. மூன்றாம் வருஷ ஜி.என்.எம். மாணவி ஒருத்தி போஸ்டிங்கில், அதாவது வார்டுப் பயிற்சியில் இருந்தாள். குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் ஆன ஒரு பெண்ணுக்கு நாடி பார்த்தாள். 118. பி.பி. 110/70, அதில் குறை ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண், "அசதியில தூங்குதாம்மா, எழுப்பாத" என்றார். அந்த மாணவி எழுப்பவில்லை, ஆனால் நகரவும் இல்லை. வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை கெட்டியாகச் சுருங்கி, கைக்குத் தட்டுப்பட வேண்டும். கொழகொழவென்று இருந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தால் பேட் முழுக்க நனைந்து படுக்கையில் ரத்தம் தேங்கியிருந்தது. ஒரு கையால் கர்ப்பப்பையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே ஸ்டாஃபைக் கூப்பிட்டாள். இரண்டு நிமிஷத்தில் டாக்டர் வந்தார், கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் போனது, ரத்தம் நின்றது. ரத்தம் போகும்போது முதலில் நாடிதான் ஏறும், பி.பி. கடைசியில்தான் இறங்கும் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகத்தைப் படித்த எல்லோரும் அன்றைக்கு வயிற்றில் கை வைத்திருப்பார்களா என்றால், மாட்டார்கள். அவள் அதற்கு முன் சுகமாகப் பிரசவித்த பெண்கள் எத்தனையோ பேரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்திருந்தாள். எது கெட்டி, எது கெட்டி இல்லை என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

இப்போது இன்னொரு பக்கம். நான் பரீட்சை நடத்த எக்ஸ்டர்னலாகப் போன ஒரு தனியார் கல்லூரியில் இறுதியாண்டு பி.எஸ்சி. மாணவிகள் தாங்கள் பார்த்த பிரசவங்களை எழுதி வைக்கும் கேஸ் புக்கைப் புரட்டினேன். அழகான கையெழுத்து, கலர் பேனாவில் கட்டம், சிவப்பில் தலைப்பு. நான்கு பேருடைய புத்தகத்தில் ஒரே தாய், ஒரே நேரம், குழந்தையின் எடைகூட ஒன்றே. "பிரசவம் பார்த்தியாம்மா?" என்று கேட்டேன். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள், இன்னொருத்தி அழுதுவிட்டாள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர்கள் அப்பா அம்மா நிலத்தை அடமானம் வைத்துக் கட்டிய பணத்துக்கு அந்தக் கல்லூரி கொடுத்தது ஒரு பொம்மையும் ஒரு பூட்டிய வார்டும்தான்.

நீ பார்க்க வேண்டியது இதைத்தான். படிக்கிற வருஷங்களில் உன் கைக்கு நோயாளிகள் கிடைப்பார்களா? கிடைக்கும் இடத்தில் ஜி.என்.எம். படித்தவள், கிடைக்காத இடத்தில் பி.எஸ்சி. படித்தவளைவிட நல்ல நர்ஸாக வெளியே வருவாள். பட்டத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கை பழகாமல் வெளியே வந்தவளுக்கு யாரும் திரும்பச் சொல்லித்தர மாட்டார்கள். வேலை கொடுத்த இடத்தில் முதல் நாளே எட்டு நோயாளியை ஒப்படைத்துவிடுவார்கள்.

அப்படியானால் நீ செய்ய வேண்டிய வரிசை இது.

முதலில் அரசுக் கல்லூரி பி.எஸ்சி. சென்னை, மதுரை, செங்கல்பட்டு, சேலம் போன்ற ஊர்களில் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டணம் உங்கள் வீட்டுக்குத் தாங்கும், நோயாளிகளுக்கோ பஞ்சமே இல்லை. மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக்குழு நடத்துகிற கலந்தாய்வு வழியாகத்தான் இடம் கிடைக்கும். மாநிலக் கலந்தாய்வுக்கு இதுவரை நீட் கேட்கவில்லை. பிளஸ் டூவில் மூன்று அறிவியல் பாடங்களின் மதிப்பெண்தான் கணக்கு. அதனால் உன் 438 எனக்குப் பாதிதான் சொல்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியலில் எவ்வளவு என்று நீ எழுதவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் குறைந்தாலும் பரவாயில்லை, இன்னும் இருக்கிற வாரங்களை இந்த மூன்றுக்கும் கொடு. அரசு இடங்கள் குறைவு, போட்டி கடுமை. உயிரியலில் நீ கூடுதலாக எடுக்கும் ஐந்து மதிப்பெண் உன் அப்பாவுக்கு லட்சக்கணக்கில் மிச்சம் பண்ணிக் கொடுக்கலாம்.

அதே கலந்தாய்வில் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் வரும். புரோக்கர் சொல்கிற மேனேஜ்மென்ட் சீட்டும் இதுவும் ஒன்றில்லை, கட்டணம் நன்றாகவே குறையும். பட்டியலில் எந்தக் கல்லூரியை மேலே போடுவது என்பதற்குத்தான் முன்கூட்டியே போய்ப் பார்த்து வைக்க வேண்டும்.

டி.ஜி.என்.எம். படிப்புக்குத் தனியாக அறிவிப்பு வரும், தனி விண்ணப்பம். பி.எஸ்சி.க்குப் போட்டுவிட்டேன் என்று இதை விட்டுவிடாதே, இரண்டுக்கும் போடு. திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் அரசு நர்சிங் பள்ளி இருக்கிறது. உனக்கு அங்கே ஜி.என்.எம். கிடைத்து, இன்னொரு பக்கம் எங்கோ ஒரு வெறிச்சோடிய தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. கிடைத்தால், என் சொந்த மகளாக இருந்தால் ஹைகிரவுண்டுக்கு அனுப்புவேன். இரண்டு மூன்று மாவட்டத்து நோயாளிகள் வந்து சேரும் இடம் அது. தீக்காயம், பாம்புக்கடி, சிக்கலான பிரசவம், குறைமாதக் குழந்தை என்று மூன்று வருஷத்தில் அங்கே பார்ப்பதைப் பல கல்லூரிகளில் படத்தில்தான் காட்டுவார்கள். முடித்த கையோடு போஸ்ட் பேசிக் போய்விடு, தள்ளிப்போடாதே.

வேலூர் சி.எம்.சி.க்கும் தனியாக விண்ணப்பி. 1946-இல் இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு முதன்முதலாகத் தொடங்கியது டெல்லியிலும் வேலூரிலும்தான். அங்கே இடம் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் யோசிக்காமல் போ. அதே மாதிரி ராணுவ நர்சிங் சேவை. பெண்களுக்கு மட்டுமான நான்கு வருஷ பி.எஸ்சி., படிப்புச் செலவை ராணுவமே ஏற்கும், முடித்ததும் லெப்டினன்ட் பதவியில் சேர்வாய், இத்தனை வருஷம் பணிசெய்வேன் என்று பத்திரம் எழுதித் தர வேண்டும். இதற்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். அதனால் டாக்டர் ஆகும் எண்ணம் இல்லாவிட்டாலும் நீட் எழுதி வைப்பது வீண் போகாது.

தேசிய அளவில் 2023-இல் நர்சிங் படிப்புக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. சேர்க்கை விதிகள் இனி மாறலாம். ஜி.என்.எம்.மையே நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சும் பல வருஷமாக அடிபடுகிறது, சேர்க்கை என்னவோ நடந்துகொண்டுதான் இருக்கிறது. யார் என்ன சொன்னாலும், நான் சொன்னாலும்கூட, அந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டை வரி விடாமல் படித்துவிட்டே விண்ணப்பம் போடு.

கல்லூரியைப் பார்ப்பது எப்படி? அப்பாவோடு ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்குப் போ. கல்லூரி ஆபீசுக்குப் போகாதே, அங்கே ஏ.சி. ரூமும் மீன் தொட்டியும்தான் இருக்கும். நேரே அவர்களுடைய ஆஸ்பத்திரிக்குப் போ. ஓ.பி.யில் கூட்டம் இருக்கிறதா, வார்டுகளில் எத்தனை படுக்கையில் ஆள் இருக்கிறது என்று பார். நர்சிங் கல்லூரி நடத்தச் சொந்த ஆஸ்பத்திரி குறைந்தது 100 படுக்கையோடு இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. படுக்கை இருக்கும், மேலே பெட்ஷீட் மடிப்புக் கலையாமல் இருக்கும். அப்படி இருந்தால் திரும்பி வந்துவிடு. சொந்த ஆஸ்பத்திரி சுமார் என்றால் எந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போஸ்டிங் அனுப்புகிறார்கள், மாதத்தில் எத்தனை நாள் என்று கேள். மனநலப் போஸ்டிங்குக்கு எங்கே போவார்கள் என்றும் கேள். நல்ல கல்லூரிகள் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் மாதிரி பெரிய இடத்தின் பேரைத் தயங்காமல் சொல்வார்கள்.

அப்புறம் கேன்டீனிலோ பஸ் நிறுத்தத்திலோ மூன்றாம் வருஷப் பிள்ளைகள் இருப்பார்கள். யூனிஃபார்மில் இருக்கிற ஒருத்தியிடம், "அக்கா, நீங்க எத்தனை பிரசவம் பார்த்திருக்கீங்க? ஐ.சி.யூ. போஸ்டிங் உண்டா?" என்று கேட்டுவிடு. அவள் முகத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். கட்டணத்துக்கு முழு ரசீது தருகிறார்களா, பரீட்சை ஃபீஸ், யூனிஃபார்ம், ஹாஸ்டல், பஸ் என்று வருஷா வருஷம் தனியாக என்னென்ன கேட்கிறார்கள் என்பதையும் அவளிடமே கேள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு அந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று பார்ப்பது அடிப்படை. புரோக்கர் சொல்வது வேறு மாநிலக் கல்லூரி என்றால், அந்த மாநில கவுன்சில் அங்கீகாரத்தோடு இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும் பேர் இருக்க வேண்டும். "வகுப்புக்கு வரவேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று ஒரு வார்த்தை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றி அப்பாவோடு உட்கார்ந்து பேசு. மேனேஜ்மென்ட் சீட்டில் சேர ஐந்து லட்சம் கடன் வாங்கினால், பத்து சதவீத வட்டியில் பத்து வருஷத் தவணைக்கு மாதம் சுமார் 6,600 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறுகிற வட்டி வேறு. நம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் புதிதாகச் சேரும் நர்ஸுக்குப் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம்தான் தருகிறார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட 20,000-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை இருக்கிறது, சம்பளக் கவரில் அது இன்னும் வந்து சேரவில்லை. அரசு வேலை கிடைத்தாலும் எம்.ஆர்.பி. வழியாகச் சேர்கிறவர்கள் நிரந்தரம் ஆகும்வரை வருஷக்கணக்கில் தொகுப்பூதியத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கு தெரியாமல் கடனில் இறங்காதீர்கள். கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் வங்கிக் கல்விக் கடன், நான்கு லட்சம் வரை அடமானம் கேட்க மாட்டார்கள். கந்துவட்டிக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

உனக்கு வர வேண்டியதையும் கேட்டு வாங்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, டிப்ளமோவுக்கும் உண்டு, பட்டத்துக்கும் உண்டு. பள்ளித் தலைமை ஆசிரியரிடம் அதற்கான சான்றிதழை இப்போதே கேட்டு வை. வீட்டில் முதல் பட்டதாரி நீதான், அந்தச் சான்றிதழையும் வருமானம், சாதி, இருப்பிடச் சான்றிதழ்களையும் இ-சேவை மையத்தில் ஏப்ரலுக்குள் எடுத்துவிடு. ரிசல்ட் வந்தபின் எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே நிற்பார்கள்.

இங்கிலீஷ் பற்றிப் பயப்படாதே என்று வெறுமனே சொல்ல மாட்டேன். பி.எஸ்சி.யில் பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான். முதல் செமஸ்டரில் அனாடமி புத்தகத்தைத் திறந்ததும் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கண்ணைக் கட்டும். என் அனுபவத்தில் முதல் ஆறு மாதம்தான் அந்தக் கஷ்டம். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களில் உன் பிளஸ் ஒன், பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை எடுத்து, மனித உடல் பாடங்களை மட்டும் படி. பாடம் ஏற்கனவே தெரியும், சொற்கள்தான் புதுசு. தினம் ஒரு பக்கம் வாய்விட்டு வாசி. வார்டில் உனக்குத் தமிழ்தான் சோறு போடும். வலிக்குது என்று ஒரு பாட்டி எப்படிச் சொல்கிறாள், எங்கே கை வைத்துச் சொல்கிறாள் என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு நல்ல தொடக்கம் கிடைத்தாகிவிட்டது. வெளிநாட்டு ஆசை வந்தால் அப்போது ஆங்கிலத்தை இன்னும் கூர்மையாக்கிக்கொள்ளலாம். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றிலும் 7 கேட்கிறார்கள். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியே படிக்க வேண்டும். அதெல்லாம் ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்தபின் யோசிக்க வேண்டியது. போவதானால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் விசாரி. இப்போதைக்கு மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. இதை அவருக்கு வாசித்துக் காட்டு.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ராத்திரி டூட்டி உண்டு, தப்பிக்க முடியாது. முப்பது, நாற்பது நோயாளிக்கு ஒரே நர்ஸ் என்று விடியவிடிய ஓட வேண்டிய இரவுகள் உங்கள் மகளுக்கு வரும். மலம், மூத்திரம், வாந்தி, சீழ் எல்லாம் கையால் எடுக்க வேண்டிய வேலை. குடித்துவிட்டு வந்து சத்தம் போடும் உறவுக்காரர்களும் இருப்பார்கள். இதையெல்லாம் மறைத்து உங்களைச் சம்மதிக்க வைக்க நான் விரும்பவில்லை. ஆனால் கல்லூரிப் பிள்ளைகளைத் தனியாக ராத்திரியில் விட மாட்டார்கள். கூட்டமாகத்தான் போஸ்டிங், ஹாஸ்டலிலிருந்து கல்லூரி வண்டி. வேலைக்குச் சேரும் இடத்தில் ராத்திரி டூட்டிக்குப் போக்குவரத்து, ஓய்வறை, பூட்டுள்ள கழிவறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டே சேரச் சொல்லுங்கள், கேட்பது நம் உரிமை. கல்யாணத்துக்குத் தடையாகுமே என்று நினைத்தால், என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்களும் இதையேதான் சொன்னார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகி, சம்பளத்தில் வீடு கட்டி, அந்த அம்மாக்களின் சர்க்கரைக்கு இன்சுலின் போடுவதும் அதே பிள்ளைகள்தான்.

மகளே, அந்த வேலை உனக்கு ஒத்துவருமா என்று நீயும் பார்த்துவிடு. சொந்தத்தில் யாராவது அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் ஒரு ராத்திரி துணைக்கு இரு. போனைப் பார்க்காமல் நர்ஸைப் பார். அவர் எத்தனை தடவை உட்கார்ந்தார், எதற்கு எழுந்தார், யாரிடம் கடுமையாகப் பேசினார், யார் நெற்றியில் கை வைத்தார். காலையில் வீட்டுக்கு வந்தபோதும் ஆசை குறையவில்லை என்றால் விண்ணப்பத்தை நிரப்பு. குறைந்துவிட்டால் அதிலும் வெட்கம் ஒன்றும் இல்லை. லேப் டெக்னாலஜி, ரேடியாலஜி, பிசியோதெரபி, பி.ஃபார்ம். என்று உன் குரூப்புக்கு வேறு வழிகள் நிறைய இருக்கின்றன.

இந்தக் கேள்வியைப் பையன்களும் கேட்கிறார்கள். அவர்களுக்கும் நான் சொன்னது பெரும்பாலும் பொருந்தும். ராணுவ நர்சிங்கில் ஆண்களுக்கு இடம் இல்லை, நார்செட்டில் இருபது சதவீத இடம்தான் ஆண்களுக்கு என்பதைத் தெரிந்துகொண்டு வரட்டும். அவசரப் பிரிவிலும் மனநல வார்டிலும் நல்ல ஆண் நர்ஸுகளுக்கு எப்போதும் தேவை இருக்கிறது.

கடைசியாக ஒன்று. எங்கே சேர்ந்தாலும், பிறகு எங்கே வேலைக்குப் போனாலும், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்துவிட்டு வராதே. சேர்க்கைக்குச் சரிபார்க்கக் கேட்பார்கள், காட்டு. வாங்கி வைத்துக்கொண்டால் ரசீது வாங்கு, எல்லாவற்றுக்கும் நாலைந்து நகல் அட்டெஸ்ட் செய்து வீட்டில் வை. சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேலையை விட்டுப் போகவிடாமல், பாண்டு என்று பயமுறுத்திய ஆஸ்பத்திரிகளால் எத்தனையோ பிள்ளைகள் நல்ல வாய்ப்புகளைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

மே மாதம் ரிசல்ட் வந்ததும் மூன்று அறிவியல் பாட மதிப்பெண்ணையும், நீ போய்ப் பார்த்த கல்லூரிகளின் பட்டியலையும் எழுதி அனுப்பு. எதை மேலே போடுவது என்று சேர்ந்து பார்க்கலாம். அதுவரை உயிரியலை விடாதே.